துக்கம் யாருக்கு, குடி யாருக்கு?

தமிழ்ப் புனைகதையில் குடிகாரனுக்குப் பஞ்சமில்லை. நூறாண்டுகளாக அவன் தள்ளாடியபடி வீடு திரும்புகிறான். மனைவியின் தாலியை அடகு வைக்கிறான், பிள்ளையின் பள்ளிக்கூடக் காசைப் பறிக்கிறான், கடைசியில் செத்துப்போகிறான் அல்லது திருந்துகிறான். அவனால் மற்றவர்களுக்கு நேர்ந்த துக்கத்தை நம் எழுத்தாளர்கள் சலிக்காமல் எழுதியிருக்கிறார்கள். எந்தத் துக்கத்தைச் செரிக்க முடியாமல் அவன் அந்தக் கடைக்குப் போனான் என்று எழுதியவர்கள் மிகச் சிலர். கிராமத்திலும் தோட்டத்திலும், அங்கிருந்து பெயர்ந்து வந்த நகர வட்டாரத்திலும் துக்கமும் போதையும் எப்படிக் கதையாயின, எங்கே கதையாகாமல் நின்றுபோயின என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இதைச் சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனிலிருந்து தொடங்கலாம். கம்பத்து வீடுகளும் காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் இருந்த பள்ளத்தாக்கு அது. இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டி 1953இல் அதற்கு இந்தப் பெயர் வந்தது. நாட்டின் முதல் துணைநகரமாக அது வளர்ந்தது. ஓரமாக மலாயா ரயில்பாதை ஓடியது. ரயில்வேயில் உழைத்த தமிழர்கள் கும்பிட்ட முனீஸ்வரன் கோயில் 1932இல் ஒரு சிறு சன்னிதியாகத் தொடங்கி, இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. நாட்டின் முதல் கிளை நூலகம் 1970 ஏப்ரலில் இங்கேதான் திறக்கப்பட்டது. அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், ஜாலான் பென்ஜாராவில், 1966 முதல் 2010 வரை குவீன்ஸ்டவுன் சிறை இருந்தது. நூலகமும் சிறையும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே வட்டாரத்தில் இயங்கின. அந்தச் சிறைக்குள் போய்வந்த தமிழ் வாழ்க்கைகளில் எத்தனை, நூலகத்தின் தமிழ் அடுக்குக்கு வந்து சேர்ந்தன?

பிரச்சாரம் கொடுத்த அச்சு

குடியைப் பற்றிய நவீனத் தமிழ்க் கதைக்கு முதல் அச்சைக் கொடுத்தது மதுவிலக்கு இயக்கம். திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி நடத்திய ‘விமோசனம்’ இதழ் முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே வந்தது. அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் ராஜாஜி, அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சட்டத்துக்கு முன்பே கதை வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். குடியானவன் ஒருவன் குடிக்குள் விழுவதையும் அவன் மனைவி கடனிலும் அவமானத்திலும் சிக்கித் தவிப்பதையும் சொல்லும் ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’, 1974இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் படமாகவும் வந்தது.

இந்த வகைக் கதைகளுக்கு ஒரு நேர்மை உண்டு. சாராயக் கடைக்காரனும் வட்டிக்காரனும் எப்படிக் கைகோத்துக்கொள்கிறார்கள், அறுவடைக் காசு எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை அவை நன்றாகக் காட்டின. அவை விட்டுவிட்டது குடிப்பவனின் உள்ளத்தை. அவனுக்குப் பழைய நினைவு கிடையாது, இழப்பு கிடையாது, செத்துப்போன தம்பியோ பொய்த்த மழையோ கிடையாது. கெட்ட சகவாசம் ஒன்றே காரணம். துக்கம் முழுவதும் மனைவியின் பங்கு, குற்றம் முழுவதும் கணவனின் பங்கு என்று பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்ற ஒரு வரிக்குள் கதை முழுவதும் அடங்கிவிடும்.

அதே காலத்தில் இன்னொரு குடிகாரன் தமிழ் மனத்தில் வந்து குடியேறினான். சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ 1917இல் வங்காளியில் வந்த நாவல். 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம் வந்தபின் அந்தப் பெயர் நம் பேச்சில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. தேவதாசும் கிராமத்தான்தான், அவனும் குடித்தே சாகிறான். ஆனால் அவன் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை. அவனுடைய குடிக்குப் பின்னால் பார்வதி இருக்கிறாள், இளமை இருக்கிறது, குடும்பக் கௌரவத்தின் கொடுமை இருக்கிறது. பார்த்தவர்கள் அழுதார்கள். இரண்டு குடிகாரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் இலக்கியத்தின் ஓர் ஏற்பாடு வெளிப்படும். நிலம் உள்ளவன் குடித்தால் அது சோகம், நிலமற்ற கூலி குடித்தால் அது கெட்ட பழக்கம். துக்கப்படும் தகுதியைக்கூட வர்க்கமும் சாதியும் பார்த்தே கதை பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. பின்னால் வந்த நல்ல எழுத்தை, இந்த ஏற்பாட்டை அது எவ்வளவு தூரம் உடைத்தது என்பதை வைத்தே எடைபோட வேண்டும்.

கித்தாக் காட்டுக் கள்ளுக்கடை

இந்த ஏற்பாடு மிக வெளிப்படையாகத் தெரியும் இடம் மலாயாத் தோட்டம். தமிழ்நாட்டில் கடையைத் தேடிக் குடியானவன் போனான். தோட்டத்திலோ உரிமம் பெற்ற கள்ளுக்கடை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டு, பிறகு பால்வெட்டு, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்தபின் மாலையில் மங்கு மங்காகக் கள். கூலியைக் கொடுத்த தோட்டத்துக்குள்ளேயே அந்தக் கூலி செலவழிவதற்கும் வழி செய்யப்பட்டிருந்தது. வெள்ளைக்கார நிர்வாகத்துக்கு அதில் இரட்டை லாபம்: காசும் உள்ளேயே நின்றது, ஆளும் உள்ளேயே நின்றான்.

இதைத் தொழிலாளர்களே எதிர்த்தார்கள் என்பது வரலாறு. போர் முடிந்த கையோடு கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. 1947இல் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் அது கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. போலீசுடன் மோதல் வந்தது, உயிர் போயிற்று, பலர் சிறை சென்றனர். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்துப் போய்த் திரும்பி வராதவர்களின் வீடுகள் அந்த லயங்களில் வரிசையாக இருந்த நேரம் அது. அப்பனையும் மகனையும் காட்டில் இழந்த குடும்பங்கள், சடலத்தைக்கூடக் காணாத குடும்பங்கள். இந்தத் துக்கத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது மறியலுக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது: துக்கத்தைக் கடையில் கொண்டுபோய்க் கரைப்பதற்குப் பதிலாகக் கடையையே மூடச் சொன்ன மக்கள் அவர்கள்.

பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலில், தந்தை நைனா தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் வீடு கட்டுவதையே வெறியாகப் பிடித்துக்கொள்கிறார். அந்த வீட்டோடு சேர்ந்து எரிந்து போகிறார். இந்த நாவல் மதுவைப் பற்றியது இல்லை. இருந்தாலும் தோட்டத்துக் குடியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் கிடையாது. வேரூன்ற இடமில்லாத துக்கத்தை ஒருவன் மங்கில் கரைக்கிறான், இன்னொருவன் மண்ணில் கரைக்கிறான். பித்து ஒன்றுதான்.

கெடா லூனாஸ் வட்டாரத்தில் 1981இல் சம்சு என்ற மலிவுச் சாராயம் நச்சானதைக் குடித்துப் பலர் மாண்டார்கள். அதை மையமாக வைத்து ம. நவீன் எழுதிய ‘பேய்ச்சி’ 2019இல் வந்தது. நாவலின் நடுநாயகம் ஓலம்மா என்ற தாய். தமிழ்நாட்டிலிருந்து கூடவே வந்த நாட்டார் தெய்வம் கித்தாக் காட்டில் மறுபடி உருவெடுக்கிறது. சம்சு இங்கே வெறும் சமூகக் கேடாக நிற்கவில்லை. ஒரு தோட்டத்தையே ஒரே நாளில் இழவு வீடாக்கிய நிகழ்ச்சி அது. இறந்தவர்களுக்குத் தனித்தனி முகம், தனித்தனி ஆசை, தனித்தனிக் கெட்ட குணம் எல்லாம் உண்டு. அதனாலேயே அவர்களின் சாவு கணக்கெடுப்பாகாமல் துக்கமாகிறது. குடிகாரனைத் திருத்தும் பொறுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அவனுக்காக ஒப்பாரி வைக்கும் உரிமையை இந்த நாவல் எடுத்துக்கொண்டது. மலேசிய உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் ஆபாசம், ஒழுக்கக்கேடு என்ற பெயரில் அதைத் தடைசெய்தது. தோட்டத்து மக்கள் பேசும் வசவுகளை அப்படியே எழுதியதுதான் வாசகர்களில் ஒரு பகுதியினருக்கும் பொறுக்கவில்லை. துக்க வீட்டில் யாரும் இலக்கணத் தமிழில் அழுவதில்லை என்பது மட்டும் அவர்களுக்கு நினைவு வரவில்லை.

அதற்குள் தோட்டங்களே மறையத் தொடங்கிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லட்சக்கணக்கான தமிழர்கள் நகரோரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தார்கள். கோயில், மயானம், பள்ளி, லயத்துச் சுவர் வழியாகக் காதில் விழும் அண்டை வீட்டு அழுகை, எல்லாமே போயிற்று. கள்ளும் சம்சும் இருந்த இடத்தில் ஹெராயினும் மாத்திரைகளும் வந்தன. இந்த இரண்டாம் இடப்பெயர்வின் துக்கத்தை எழுதிய நாவல்கள் இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

தமிழ்நாடு: குடிப்பவன் வாய் திறக்கிறான்

தமிழ்நாட்டு எழுத்தில் 1970களிலிருந்து ஏற்பாடு மெல்ல உடைந்தது. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இல் வந்தது. கந்தன் என்ற ஒருவனின் ஒரே நாள். களம் நகரத்தின் அடிமட்டம். அந்த நாவல் தீர்ப்பே சொல்லவில்லை என்பதுதான் அது பின்வந்தவர்களுக்குக் கொடுத்த சொத்து. பெருமாள்முருகனின் ‘நிழல்முற்றம்’ 1993. சிற்றூர் சினிமாக் கொட்டகை ஒன்றில் சோடா விற்கும் பையன்கள், பகலிரவு தெரியாத வேலை, இடையிடையே கஞ்சா. வீட்டை விட்டு வந்த அந்தப் பிள்ளைகளுக்குத் துக்கம் என்று ஒன்று இருப்பதை அவர்களே அறிய மாட்டார்கள். புகை தீர்ந்ததும் எரிச்சலாகவும் சண்டையாகவும் அது வெளிவருகிறது. ஆசிரியர் எங்கும் குறுக்கே வந்து விளக்கம் சொல்லவில்லை.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ 2018. அதற்கு 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பொறியியல் படித்த ரேவதி ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். குடியும் அடியும் தொடர்கின்றன. கடைசியில் புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டுக்கு வெளியே காத்திருக்கும் உறவினரின் பேச்சு. பழைய கதையாக இருந்தால் ரவி மூலையில் நிற்கும் வில்லனாக முடிந்திருப்பான். இமையம் அவனுக்கும் பேச இடம் கொடுக்கிறார். மாமனார் வீட்டு வாசற்படியில் தான் பட்ட அவமதிப்பையும் தன் பக்கத்து நியாயத்தையும் அவன் கொட்டுகிறான். அவன் செய்தது எதுவும் இதனால் மன்னிக்கப்படுவதில்லை. வாசகன் அவனை வெறுக்கலாம், ஆனால் அவனை ஆளே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. மனைவியின் துக்கத்தை ஒரு பிடி கூடக் குறைக்காமல் குடிப்பவனின் துக்கத்தையும் எழுத முடியும் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று இது.

கடையின் உருவமும் மாறிவிட்டது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில். ஆனாலும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பந்தல் போட்ட படங்களைத் தமிழகமே பார்த்தது. நிவாரணத் தொகை பற்றிய விவாதத்தில் உடனே எழுந்த கேள்வி, குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்பது. தேவதாசுக்கு அழுத தமிழ்நாடுதான் இதைக் கேட்டது. ராஜாஜி காலத்துக் கதையின் ஏற்பாடு, கதைகளை விட்டுப் போனபின்பும் மக்கள் மனத்தில் அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூரின் மௌனம்

சிங்கப்பூருக்குப் போதை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலனி அரசின் வருவாயில் பெரும்பங்கு அபின் குத்தகையிலிருந்தே வந்தது. 1910இல் அரசே அந்த வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, போருக்குப் பின் 1946இல் தடைசெய்தது. 1955இல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் அபின் அடிமைகளுக்குச் சிகிச்சை நிலையம் வந்தது. 1970களில் ஹெராயின் பரவியபோது நிலைமை வேறாயிற்று. மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு 1971, போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் 1973, பதினைந்து கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் கட்டாய மரண தண்டனை 1975. தோட்டம் விட்டு, கம்பம் விட்டு, ரயில்வே குடியிருப்பு விட்டு அடுக்குமாடிக்கு ஏறிய முதல் தலைமுறையின் பிள்ளைகள் விடலைப் பருவத்தில் இருந்த காலமும் அதுதான்.

போதைப்பொருள் வழக்குகளில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதல் என்பது ஆண்டுதோறும் வரும் புள்ளிவிவரத்தில் தெரியும். சிறையிலிருந்து வருவோருக்காக இந்து அறக்கட்டளை வாரியம் ஆசிரமம் என்ற இடைநிலை இல்லத்தை நடத்துகிறது. ஆக, வாழ்க்கையில் இது இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ்ப் புனைகதையில், நான் படித்த அளவில், இதை முழுமையாக எடுத்துக்கொண்ட பெரிய நாவல் இல்லை. சிறுகதைகளில் வருகிறது. வரும்போது பெரும்பாலும் எச்சரிக்கையாகவே வருகிறது: கெட்ட நண்பன், திருட்டு, கைது, தாயின் கண்ணீர், மறுவாழ்வு. திருச்செங்கோட்டு ஆசிரமத்தின் அச்சு கடல்தாண்டி வந்து இங்கே இன்னும் வேலை செய்கிறது.

இதற்குக் காரணங்கள் இருக்கின்றன. சமூகம் சிறியது. ஒரு புளோக்கையும் ஒரு தொழிலையும் குறிப்பிட்டால் யார் வீட்டுப் பையன் என்று லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்தாளர்களில் கணிசமானோர் ஆசிரியர்களாகவும் பத்திரிகையாளர்களாகவும் இருந்தவர்கள், சமூகத்துக்கு நல்லது சொல்லும் கடமை அவர்கள் தோளில் ஏறிவிடுகிறது. கதைகள் பெரிதும் போட்டிகள் வழியே பிறக்கின்றன, நடுவர்களுக்கு நம்பிக்கையூட்டும் முடிவு பிடிக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேல், போதையைப் பற்றிப் பேசும் சொற்கள் முழுவதும் அரசின் இயக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. சட்டம் சரியா தவறா என்பது வேறு விவாதம். சுவரொட்டியின் சொற்களை வைத்துக்கொண்டு ஓர் இழவை எழுத முடியாது என்பதே இங்கே சொல்லவருவது. லயத்தில் அழுகை சுவர் தாண்டியது. அடுக்குமாடியில் மகன் உள்ளே போனால் கதவு சாத்தப்படுகிறது, கேட்பவர்களிடம் வெளிநாட்டில் வேலை என்று சொல்லப்படுகிறது. பிள்ளை உயிரோடு இருக்கும்போதே அவனுக்காகத் துக்கம் காக்கும் பெற்றோர் அவர்கள். அந்தத் துக்கத்துக்குப் பதினாறாம் நாளும் கிடையாது, துக்கம் விசாரிக்க வருபவரும் கிடையாது.

சினிமா ஓரடி முன்னால் போயிருக்கிறது. கே. ராஜகோபாலின் ‘எ எல்லோ பேர்ட்’ 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. கடத்தலுக்காகச் சிறை சென்று திரும்பும் சிவா என்ற தமிழனின் கதை அது. தாய் அவனை மன்னிக்கவில்லை, மனைவியும் மகளும் எங்கே என்று தெரியவில்லை. படம் பாடம் எதுவும் நடத்தாமல் அவன் பின்னாலேயே போகிறது. நம் உரைநடை இன்னும் எடுத்து வைக்காத அடி அது.

சிங்கப்பூரில் கிராமத்துத் துக்கம் இன்னொரு வழியாகவும் வந்து இறங்கியிருக்கிறது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு லிட்டில் இந்தியாவில் பேருந்தில் சிக்கி மாண்டவர் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த முப்பத்துமூன்று வயதுக் கட்டுமானத் தொழிலாளி. தொடர்ந்து கலவரம் மூண்டது. அவர் குடித்திருந்தார் என்பதையும் கலவரத்துக்கு மது துணைபோனது என்பதையும் விசாரணைக் குழு பதிவு செய்தது. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. விசாரணைக்குத் தேவையான விவரங்கள் அவை. கதைக்குத் தேவையானவை வேறு. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன், ஊரில் அப்பா செத்த அன்று லீவு கிடைக்காமல் விடுதிப் படுக்கையில் உட்கார்ந்து பாடை கிளம்புவதைக் கைப்பேசியில் பார்த்தது, அடுத்த ஞாயிறு தேக்காத் திடலில் ஒரு பீர் டின்னோடு உட்கார்ந்தது. இப்படிப்பட்ட ஞாயிறுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இவர்களைப் பற்றிய கதைகளில் உழைப்பும் ஏக்கமும் வந்த அளவுக்குக் குடி வரவில்லை, வந்தாலும் அறிவுரையோடு வருகிறது.

வெளியிலிருந்து இரண்டு நாவல்கள்

வேறு நாடுகளில் இதே சிக்கலை எழுத்தாளர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று பார்ப்பது உதவும். பார்பரா கிங்சால்வரின் ‘டீமன் காப்பர்ஹெட்’ 2022இல் வந்தது, அடுத்த ஆண்டு புலிட்சர் பெற்றது. வர்ஜீனியாவின் மலைக்கிராமப் பகுதியான லீ கவுண்டியில் நடக்கிறது. டிக்கன்சின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ கதையை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார். தாயைப் போதைக்குப் பறிகொடுத்த பையன், பிற்பாடு முழங்கால் காயத்துக்குக் கொடுத்த வலி மாத்திரையிலேயே மாட்டிக்கொள்கிறான். பையன் தன் வாயால் சொல்வதால் இரக்கம் தானாக வருகிறது. மாத்திரையை மலைமக்களிடம் கொண்டுவந்து இறக்கிய கம்பெனியும் கதைக்குள் இருக்கிறது. டக்ளஸ் ஸ்டூவர்ட்டின் ‘ஷகி பெய்ன்’ 2020இல் புக்கர் பெற்றது. நிலக்கரிச் சுரங்கம் மூடிய கிளாஸ்கோ ஓரக் குடியிருப்பில் குடிக்கும் தாயையும் அவளைக் காப்பாற்றப் பார்க்கும் மகனையும் பற்றியது. அவள் திருந்துவதில்லை, மகனின் அன்பும் குறைவதில்லை.

இந்த இரண்டு நாவல்களும் மூன்று காரியங்களைச் செய்கின்றன. பிள்ளையின் கண்ணால் பார்க்கின்றன, ஆகையால் தீர்ப்பு தள்ளிப்போகிறது. மூடிய சுரங்கம், மாத்திரைக் கம்பெனி என்று துக்கத்தின் ஊற்றை ஊரளவில் காட்டுகின்றன. திருந்துவதை அன்புக்கு நிபந்தனையாக வைப்பதில்லை. மூன்றுமே நமக்கு எட்டாதவை இல்லை. பிள்ளையின் கண் பெருமாள்முருகனிடம் இருக்கிறது, ஊரின் துக்கம் நவீனிடம் இருக்கிறது, நிபந்தனையில்லாமல் கேட்கும் காது இமையத்திடம் இருக்கிறது. மூன்றும் சேர்ந்த நாவல் சிங்கப்பூரிலிருந்து வரவில்லை என்பதுதான் குறை.

மொத்தத்தில், தமிழ்ப் புனைகதை குடியை நன்றாக அறியும், குடிப்பவனை இப்போதுதான் அறியத் தொடங்கியிருக்கிறது, ஹெராயினுக்கு அடிமையானவனை இன்னும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எச்சரிக்கும் வேலையைச் செய்யச் சட்டமும் பள்ளியும் தொண்டூழிய அமைப்புகளும் இருக்கின்றன. கதை அதே வேலையை இரண்டாம் தரமாகச் செய்து தர வேண்டியதில்லை. எழுதுகிறவர்கள் குடிப்பவனுக்கு ஓர் இறந்தகாலத்தைக் கொடுக்க வேண்டும்: அவன் யாரைப் பறிகொடுத்தான், எந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டான், அன்று அவனோடு உட்கார்ந்து அழ யார் இருந்தார்கள். போட்டி நடத்துபவர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசிப் பக்கம்வரை திருந்தாத ஒருவனின் கதைக்கும் ஒருமுறை பரிசு கொடுத்துப் பாருங்கள்.